காணாமல் போன ஆண்கள் துணைக்குழு

“பதினேழு பிஜு! நான் கணக்கு டீச்சர், எனக்கு எண்ணத் தெரியும். பதினேழு பிஜு, பன்னிரண்டு ஷாஜி, ஒன்பது சஜி, ஒரு ஜோய். இந்த நாட்டுல வேற பேர்ல ஆம்பளைப் பிள்ளையே பொறக்கலியா விலாசினி?”

“தங்கமணி டீச்சர், மெதுவா. கீழே கேக்குது.”

“கேக்கட்டும்! குடை ரிப்பேர் பண்றவனும் கேக்கட்டும். போன மாசம் இதே நாற்காலியில உக்காந்து என் பொண்ணுக்கு ஒரு முரளீதரனைப் பாத்தேன். பேங்க் உத்தியோகம். பத்துக்கு ஏழு பொருத்தம். எங்கே அந்த முரளீதரன்?”

“மெஷினுக்குள்ளதான் இருப்பான் டீச்சர்.”

“இருந்தா வெளியே வரச் சொல்லு!”

கீழே குடை ரிப்பேர் கடையில் கம்பி முறுக்கிக்கொண்டிருந்த வேலாயுதன் கையை நிறுத்திவிட்டு, காதை மட்டும் மாடிக்கு அனுப்பினார். இரிஞ்ஞாலக்குடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் அப்படி ஒரு வசதி உண்டு. எந்த மாடியில் யார் கத்தினாலும் நாலு கடைக்குக் குறையாமல் கேட்கும். சுபமங்கலம் திருமணத் தகவல் நிலையத்தில் ஆண்கள் காணாமல் போய்விட்டார்கள் என்ற செய்தி அன்று மத்தியானச் சோற்றுக்கு முன்பே மீன் மார்க்கெட் வரை போய்ச் சேர்ந்தது. அங்கிருந்த பெண்கள் யாரும் பெரிதாக அதிர்ச்சியடையவில்லை. “எங்க வீட்டு ஆளையும் தேடிப் பாக்கச் சொல்லு” என்றார்களாம் இரண்டு பேர்.

விலாசினிக்கு நாற்பத்திரண்டு வயது. அப்பா விட்டுப்போன நிலையத்தைப் பதினைந்து வருஷமாக நடத்துகிறாள். தன் கல்யாணத்தை அவளே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள். சமையல்காரி தான் சமைத்ததைச் சாப்பிடப் பிடிக்காமல் போவது மாதிரி அது. ஆனால் தங்கை ஷைலஜாவுக்கு ஒரு வரன் பார்த்துக் கொடுப்பேன் என்று அப்பாவின் கடைசி நாளில் வாக்குக் கொடுத்திருந்தாள். ஷைலஜா பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். முப்பத்தொரு வயது. ஜாதகத்தில் செவ்வாய் தோஷம். அதாவது அதே தோஷம் உள்ள மாப்பிள்ளை வேண்டும். செவ்வாயும் இருந்து, வேலையும் இருந்து, குடியும் இல்லாத ஆள் அந்த ஜில்லாவில் மூன்று பேருக்கு மேல் தேறமாட்டார்கள். அவர்களிலும் இரண்டு பேர் சாமியாராகும் யோசனையில் இருப்பார்கள்.

“மேடமாசம் முடியறதுக்குள்ள ஆச்சுன்னா கட்டிக்கறேன் சேச்சி” என்று ஷைலஜா தெளிவாகச் சொல்லியிருந்தாள். “இல்லேன்னா ஷார்ஜாவுல லேடி டிரைவிங் டீச்சருக்கு ஆள் கேக்கறாங்க. நான் பாட்டுக்குப் போயிடுவேன்.”

அது மகரமாசம், நம் தை மாதம்; மேடம் என்றால் சித்திரை. கையில் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது. அதற்குள்தான் மெஷின் புகுந்தது.

மெஷின் என்றால் கம்ப்யூட்டர் அல்ல; அது பாவம், பழைய பெட்டி, எதுவும் செய்யாது. அதற்குள்ளே இருக்கிற ‘பொருத்தம்’ என்கிற மென்பொருள். ஜாதகங்களைப் பதிந்து வைத்தால் பத்துப் பொருத்தமும் பார்த்துப் பட்டியல் போட்டுக் கொடுக்கும். இலவசம். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. அதைச் செய்கிறவர்கள் பொருத்தம் கூட்டாய்மை என்று தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். சங்கம் என்று சொன்னால் கோபம் வரும். சங்கத்துக்குத் தலைவர் உண்டு, செயலாளர் உண்டு, கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டிய ஆள் உண்டு. இங்கே அப்படியெல்லாம் யாரும் கிடையாது.

இரண்டு வருஷம் முன்னால் அவர்களே மாடியேறி வந்து அதைப் போட்டுக் கொடுத்தார்கள். வந்தவர்களில் நெடுநெடுவென்று தாடியோடு இருந்த ஹரிதாஸ் என்பவர் ஒரு பைசா வாங்கவில்லை; சாயா மட்டும் இரண்டு குடித்தார். “சேச்சி, காகிதம் ஒரு சிறை. இது சுதந்திரம். இது எங்களோடது இல்லே, உங்களோடது” என்றார். விலாசினி உருகிப் போய்விட்டாள். இரண்டு மழைக்காலம் உட்கார்ந்து ஆயிரத்து நானூறு ஜாதகத்தையும் ஒற்றை விரலால் தட்டி உள்ளே ஏற்றினாள். கடைசி ஜாதகம் ஏறிய மறுநாள் பதினோரு தடிமனான ரெஜிஸ்டர்களையும் பழைய பேப்பர்காரனிடம் தூக்கிப் போட்டாள். சிறையை உடைத்த திருப்தியில் அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

நன்றாகத்தான் ஓடியது, அதையும் சொல்ல வேண்டும். நாலு நாள் வேலையை நாலு நிமிஷத்தில் முடித்தது. மகரமாசம் ஒரு செவ்வாய்க்கிழமை ஷைலஜாவின் ஜாதகத்தைக் கொடுத்துத் தேடச் சொன்னபோது, திரையில் ஒரே ஒரு ஆள் வந்து நின்றார். சாலக்குடி பக்கம். தண்ணீர் ஆபீஸில் ஓவர்சியர். மகயிரம், அதாவது மிருகசீரிடம் நட்சத்திரம். செவ்வாய் சொல்லிவைத்த மாதிரி எட்டில். பத்துக்கு எட்டுப் பொருத்தம். விலாசினி இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டாள். பேரைக் கூட மனப்பாடம் செய்துகொள்ளவில்லை. அதற்குத்தானே மெஷின் இருக்கிறது? நாளைக்கு நல்ல நாள், ராகுகாலம் பார்த்துக் காலையில் போன் போடலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தபோது திரையில் ஒரு கட்டம் எழும்பியது. ‘புதிய பதிப்பு வந்திருக்கிறது. மேம்படுத்தலாமா?’

இவ்வளவு மரியாதையாகக் கேட்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஆமாம் என்று அழுத்தினாள்.

மறுநாள் காலையில் எல்லாமே மேம்பட்டிருந்தது. பட்டன்களுக்கு நிறம் வந்திருந்தது. ஓர் ஓரத்தில் சின்ன விளக்கு எரிந்தது. ஆண்களில் முக்கால்வாசிப் பேரைக் காணோம்.

பிற்பாடு தெரிந்த விஷயத்தை இங்கேயே சொல்லிவிட்டால் நல்லது. கிருஷ்ணன், மாதவன், சுனில், சுதீர் என்று ன், ல், ர் போன்ற சில மெய்யெழுத்துகளில் முடிகிற பெயர்கள் இருக்கின்றன அல்லவா? தமிழில் அந்தக் கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்து முடித்துவிடுவோம். மலையாளத்தில் அந்த எழுத்தே வாலைச் சுருட்டிக்கொண்டு வேறு உருவம் எடுக்கும். சில்லு என்று அதற்குப் பெயர். இந்தச் சில்லைக் கம்ப்யூட்டருக்குள் எழுத இரண்டு வழி உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு. விலாசினி பழைய வழியில் ஏற்றியிருந்தாள். புதிய பதிப்புக்குப் பழைய சில்லைத் தெரியாது. தெரியாத எழுத்தில் முடிகிற பெயரை அது பெயராகவே எண்ணாது. பெயரில்லாத ஆளைப் பட்டியலில் காட்டாது. சுதாகரன், பாஸ்கரன், அனில், பிரதீப்குமார், சுதீர் என்று அறுநூற்றுச் சொச்சம் பேர் அப்படியே காற்றோடு போனார்கள். பெண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. லதா, சிந்து, மினி எல்லோரும் பத்திரம். கடவுள் ஆண்களுக்குத்தான் வால் வைத்திருந்தார்.

சாலக்குடிக்காரரும் போனார். விலாசினி மூளையைக் கசக்கிப் பார்த்தாள். பேர் ‘ன்’ என்று முடியும், அவ்வளவுதான் ஞாபகம் வந்தது.

“சாலக்குடியில ஏதோ ஒரு ‘ன்’னைத் தேடணும், அப்படித்தானே சேச்சி?” என்றாள் ஷைலஜா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே. “ஊர்ல பாதிப் பேர் ‘ன்’தான். மீதிப் பேர் அவங்க பொண்டாட்டிங்க.”

அவள் கேட்டாளே என்று தண்ணீர் ஆபீஸுக்கும் விலாசினி போன் போட்டுப் பார்த்தாள். “கல்யாணம் ஆகாத ஓவர்சியர் யாராவது இருக்காங்களா?” என்று ஒரு பெண் குரல் கேட்டதும் அங்கே எடுத்த ஆள் வைத்துவிட்டார். மறுபடி போட்டதற்கு, “சேச்சிக்கு வேற வேலை இல்லியா?” என்றார்.

சரி, செய்தவர்களிடமே கேட்போம் என்று கூட்டாய்மைக்கு எழுதினாள். போன் நம்பர் கிடையாது, ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகிற மின்னஞ்சல் மடல்குழுதான். ‘என்னுடைய மெஷினில் ஆண்களைக் காணவில்லை. தயவுசெய்து உதவவும்’ என்று அனுப்பினாள். நாலே நிமிஷத்தில் ஒன்பது பதில். விலாசினியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய ஃபிரிட்ஜுக்கு ஆள் வர நாற்பது நாள் ஆன தேசம் இது.

முதல் பதில், ‘கூட்டாய்மைக்கு நல்வரவு.’ இரண்டாவது, ‘எந்தப் பதிப்பு?’ மூன்றாவது, புதிதாக வந்த ஒரு பெண்மணியிடம் வெடுக்கென்று எந்தப் பதிப்பு என்று கேட்பது ஆணாதிக்கம் என்றது. நாலு முதல் ஒன்பது வரை அந்த மூன்றாவதைப் பற்றியவை.

‘ஐந்து’ என்று எழுதினாள் விலாசினி.

‘ஐந்து என்பது எண். பெயர் என்ன? எங்கள் பதிப்புகளுக்குப் பெயர் உண்டு. பெயர் இல்லாத புகாரைப் படிவம் ஏற்காது.’

அவள் தேடிப் பார்த்தாள். ‘இந்தப் பதிப்பைப் பற்றி’ என்ற இடத்தில், பொருத்தம் 5 என்று போட்டு, பக்கத்தில் மேற்கோள் குறி தொடங்கி, மேற்கோள் குறி முடிந்திருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

‘பெயர் வரவில்லை’ என்று எழுதினாள்.

‘பெயர் இல்லாத பதிப்பு எதையும் நாங்கள் வெளியிடவில்லை’ என்று பதில் வந்தது. ‘நீங்கள் வைத்திருப்பது எங்களுடையது அல்ல என்று தோன்றுகிறது.’

“இது உங்களோடது இல்லே, என்னோடதுன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்று திரையைப் பார்த்துக் கேட்டாள் விலாசினி. வேலாயுதன் கீழேயிருந்து, “யாரைத் திட்டறே?” என்றார்.

பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாமா என்றும் கேட்டுப் பார்த்தாள். புதியது ஒருமுறை தொட்ட ஜாதகத்தைப் பழையது திறக்காதாம். பின்னோக்கிப் போவது கூட்டாய்மையின் கொள்கைக்கு விரோதம் என்று ஒருவர் கட்டுரையே அனுப்பினார். கும்பமாசம் அப்படிப் போயிற்று.

இதற்கிடையில் தகப்பன்மார் வர ஆரம்பித்தார்கள். மகன் பேரைப் பதிந்து வருஷமாகிறது, ஒரு பெண் வீட்டாரும் கூப்பிடவில்லையே என்று விசாரிக்க. விலாசினி மடல்குழுவுக்குப் பதில் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் பேரைக் கேட்பாள். சுகுமாரன். தட்டிப் பார்ப்பாள். இல்லை. கோபாலகிருஷ்ணன். இல்லை. புருஷோத்தமன். இல்லை. ஸ்ரீதரன். இல்லை.

“ரெண்டு தடவை வந்து எழுதிக் கொடுத்தேனே மோளே” என்றார் ஒருவர், பழைய குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு.

“மெஷின்ல அப்படி ஒரு பேரே இல்லையே ஏட்டா. மெஷின் பொய் சொல்லுமா?”

பொய் சொல்லாது என்று அந்த மனிதருக்கும் தோன்றியிருக்க வேண்டும். குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

மீனமாசம் இரண்டாம் சனிக்கிழமை திருச்சூரில் கூட்டாய்மையின் மாதக் கூட்டம். நேரில் போய்ப் பேசினால் மனிதர்கள் மனிதர்கள்தானே என்று விலாசினி பஸ் ஏறினாள். ஒரு டுட்டோரியல் கல்லூரியின் மாடி. பதினான்கு பேர் இருந்தார்கள். பதினோரு பேர் ஒரே மாதிரி பனியன் போட்டிருந்தார்கள். முதல் முக்கால் மணி நேரம் புரொஜெக்டர் வேலை செய்யவில்லை. சுதந்திரமான கம்ப்யூட்டரோடு அது ஒத்துழைக்க மறுத்தது. கடைசியில் படம் தலைகீழாக வந்தது. அதற்குமேல் அதைச் சீண்ட வேண்டாம் என்று முடிவாகி, எல்லோரும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு பார்த்தார்கள். புதிதாக வந்தவள் என்பதால் விலாசினி மட்டும் நேராக உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளும் சாய்த்துக்கொண்டாள்.

ஹரிதாஸ் எழுந்தார். “நண்பர்களே, நம்ம கூட்டாய்மைக்குத் தலைவர் கிடையாது. பன்னிரண்டு வருஷமா இந்த மேடையில நின்னு இதை நான் ஒருத்தனே சொல்லிட்டு வரேன். வேற யாராவது சொல்ல வந்தா நான் விட்டதில்லே. ஏன்னா அப்புறம் அவங்க தலைவர் ஆயிடுவாங்க. இங்கே எல்லா முடிவும் ஒருமித்த கருத்துல எடுக்கறோம். எதிர்க்கறவங்க கடைசி பஸ்ஸுக்குப் போற வரைக்கும் பொறுமையாக் காத்திருக்கற ஒரே ஜனநாயகம் இதுதான்!”

பலத்த கைதட்டல். எதிர்வரிசையில் ஒருவர் மட்டும் தட்டவில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு தலையணை கனத்துக்குக் காகிதக் கட்டு. கோவிந்தன் மாஷ். ஓய்வுபெற்ற மலையாள வாத்தியார். கூட்டாய்மையில் பழைய சில்லுக்காரர்களின் முதல்வர். ஹரிதாஸ் புதிய சில்லுக்காரர்களின் முதல்வர். ஏழு வருஷமாக நடக்கிற சண்டை அது.

“சில்லு ஒரு தனி எழுத்தா, இல்லே ஒரு எழுத்தோட நிழலா?” என்று ஆரம்பித்தார் மாஷ். “இதைத் தீர்க்காம ஒரு புள்ளியைக் கூட நகர்த்த விடமாட்டேன். நான் சொந்த லாபத்துக்குப் பேசலை. இந்த மென்பொருளை உருவாக்கினவங்க பட்டியல்ல இருந்து என் பேர், கோவிந்தன், கோவிந்தன்கிற பேர் மறைஞ்சுபோச்சு. எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்லே. ஏழு வருஷத்துல ஒரு நாள் கூட அதை நினைக்காம நான் தூங்கினதில்லே!”

“மாஷே, எங்கிட்ட எல்லாப் பேரும் சரியா வருதே” என்றார் ஹரிதாஸ்.

“எந்தப் பேரைப் போட்டுப் பார்த்தே?”

“ஹரிதாஸ். அப்புறம் பிஜு, ஷாஜி, சஜி, சிஜு, ஜோய்.”

விலாசினிக்கு எங்கேயோ தங்கமணி டீச்சரின் குரல் கேட்டது. அதற்குள் இடைவேளை. கட்டன் சாயாவும் பலகாரமும் வந்தன. தட்டில் உருண்டையாக, பாசிப்பயறும் வெல்லமும் வைத்துப் பொரித்த சுகியன். பனியன் போட்ட ஒருவர் அவளிடம் தட்டை நீட்டி, “எடுத்துக்கோங்க சேச்சி, நம்ம அஞ்சாம் பதிப்பு” என்றார்.

“என்ன?”

“பதிப்புக்கெல்லாம் பலகாரப் பேர்தான் வைப்போம். நாலாவது பழம்பொரி. அஞ்சாவது சுகியன்.”

விலாசினி கையில் இருந்த உருண்டையைப் பார்த்தாள். மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். சுகியன். ன்.

அப்பா காலத்திலிருந்தே எந்தச் சபையிலும் பேசியிராத விலாசினி, கையில் சுகியனோடு மேடைக்குப் போனாள். “இதோட பேர் என்ன?”

“சுகியன்” என்றது கூட்டம்.

“இது உங்க திரையில வருதா? இந்தப் பேர் வராததாலதான் என் புகாரை நீங்க வாங்கலை. இந்தப் பேர் வராததுக்கு என்ன காரணமோ, அதேதான் என் ஆம்பளைங்க வராததுக்கும் காரணம். ரெண்டு மாசமா ஒரு நூறு பேர் இந்தப் பதிப்பைத் தொட்டிருக்கீங்க, அதோட பேரே விழலைன்னு ஒருத்தர் கண்ணுலயும் படலியா? எனக்குத் தத்துவம் வேண்டாம். மேடமாசத்துக்குள்ள என் தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகணும். மாப்பிள்ளை உள்ளே மாட்டிட்டு நிக்கறார். கதவைத் திறந்து விடுங்க, அவ்வளவுதான்.”

யாரோ சுகியன் மென்று விழுங்கும் சத்தம் கேட்டது. ஹரிதாஸின் கண்கள் கலங்கிவிட்டன. “இதுதான் கூட்டாய்மை” என்றார். “ஒரு சாதாரண உபயோகிப்பாளர் இன்னைக்கு நம்ம எல்லாருக்கும் வழி காட்டியிருக்காங்க.” கோவிந்தன் மாஷும் எழுந்து நின்றார். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரே கட்சியில் நின்று, கடைசி பஸ்ஸுக்கு வெகு முன்பே இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றினார்கள். ஒன்று, அடுத்த பதிப்புக்குச் சில்லு இல்லாத பலகாரமாகப் பார்த்து ‘இலையடை’ என்று பெயர் வைப்பது. பெயர் தெரியாததால்தானே புகார் நின்றது. ஆகவே பிரச்னை தீர்ந்தது. இரண்டு, காணாமல் போன ஆண்கள் துணைக்குழு ஒன்றை அமைப்பது. கேள்வி கேட்டவரே அதற்கு அமைப்பாளர் என்பது கூட்டாய்மையின் வழக்கம். விலாசினிக்குப் பனியன் கொடுத்தார்கள். அளவு பெரிது.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது ஒரு பெண் ஓடி வந்து சேர்ந்துகொண்டாள். காசர்கோட்டில் ஒரு கல்லூரி லேபில் வேலை பார்க்கிறவள், ஸஃபியா.

“சேச்சி, அதைச் சரிபண்ண ஒரே ஒரு வரி போதும். புதிய சில்லை மட்டும் எடுத்தா பழைய பேரெல்லாம் போயிடும்னு நான் அதை முன்கூட்டியே எழுதி அனுப்பி மூணு வருஷம் ஆச்சு. நடுவுல எனக்குக் கல்யாணம் ஆச்சு, குழந்தை பொறந்துச்சு, அது நடக்கவும் ஆரம்பிச்சுது. அந்த வரி மட்டும் நின்ன இடத்துலயே நிக்குது.”

“ஏன்?”

“ரெண்டு பேர் சம்மதம் வேணும். ஒரு புதிய சில்லு, ஒரு பழைய சில்லு. என் வரி ரெண்டையும் ஒண்ணா நடத்துது. அதனால ரெண்டு பேருக்கும் ஆகலை.”

“அவங்க கிடக்கட்டும். எனக்கு மட்டும் போட்டுத் தருவியா?”

ஸஃபியா சுற்றும் முற்றும் பார்த்தாள். “தரலாம். ஆனா நான் தந்தேன்னு சொல்லக்கூடாது. இலவசமாத் தர்றதுக்குக்கூட இங்கே ஒரு முறை இருக்கு.”

அவள் குழந்தைக்குக் காய்ச்சல், லேபில் பரீட்சை, அங்கே கரண்ட் இல்லை, இங்கே இன்டர்நெட் இல்லை. மேடமாசம் பதினெட்டாம் தேதி மத்தியானம்தான் இரண்டு பேருக்கும் எல்லாம் சேர்ந்து வாய்த்தது. ஸஃபியா போனில் சொல்லச் சொல்ல, விலாசினி ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினாள். ஒரு வரி. கடைசி எழுத்தைத் தட்டி முடித்ததும் மெஷின் ஒரு தடவை செருமியது. பிறகு திரை நிறையத் தொடங்கியது. அச்சுதன், அனில், அரவிந்தாக்ஷன், பாலகிருஷ்ணன், பாஸ்கரன். திருவிழா முடிந்து கோயிலை விட்டு வெளியே வருகிற கூட்டம் மாதிரி ஆண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். விலாசினி நாற்காலியில் ஏறி உட்கார்ந்து கைகொட்டிச் சிரித்தாள். தங்கமணி டீச்சரின் முரளீதரன் கூட வந்துவிட்டான். அப்படி ஒரு சந்தோஷத்தை எந்தக் கம்பெனியும் காசுக்கு விற்றதில்லை. வேலாயுதன் மேலே ஏறி வந்து பார்த்துவிட்டு, “இத்தனை பேரா உள்ளே இருந்தாங்க?” என்றார்.

“ஸஃபியா, நீ நல்லா இருப்பே மோளே, உன் கை நல்லா இருக்கும்!”

“முதல்ல மாப்பிள்ளையைத் தேடுங்க சேச்சி.”

சாலக்குடி. தண்ணீர் ஆபீஸ். மகயிரம். செவ்வாய் எட்டில். திரையில் ஒரே ஒரு ஆள் வந்து நின்றார்.

புருஷோத்தமன்.

விலாசினி அந்தப் பேரை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு போன் போட்டாள். அவருடைய அம்மா எடுத்தார்.

“சுபமங்கலமா? இரிஞ்ஞாலக்குடையா? இப்பத்தான் கண் திறந்ததா மோளே? அவனுக்குக் கல்யாணம் ஆகி ஒன்பது நாள் ஆச்சு. குருவாயூர்ல வெச்சு. பொண்ணு கொடுங்ஙல்லூர்.”

“அப்படியாம்மா.”

“அவன் அச்சன் அந்த வெயில்ல ரெண்டு பஸ் மாறி உங்கிட்ட வந்தாரே. அப்படி ஒரு பேரே இல்லைன்னு சொல்லி அனுப்பினியாம். வீட்டுக்கு வந்ததும் ரேஷன் கார்டை எடுத்து மகன் பேர் இருக்கான்னு பாத்தார். ஆபீஸ்ல பேர் இருக்கு, ரேஷன் கார்டுல இருக்கு, கல்யாணம் பண்ற இடத்துல மட்டும் இல்லைன்னா, மனுஷன் என்னன்னு நினைப்பார்? சரி, நல்லா இரு.”

அன்று சாயங்காலம் ஷைலஜா வந்தபோது விலாசினி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்திருந்தாள். ஷைலஜா ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். “பேர் நல்லா இருக்கு சேச்சி” என்றாள் கடைசியில். “புருஷோத்தமன். ஆம்பளைகள்லயே உத்தமமான ஆள். அவன் எப்படி உன் மெஷின்ல தங்குவான்?”

மறுநாள் காலை திரையில் கட்டம் எழும்பியது. ‘புதிய பதிப்பு வந்திருக்கிறது.’ இந்தத் தடவை மேம்படுத்தலாமா என்று கேட்கவில்லை; கேட்டுக்கொண்டிருந்தால் ஜனங்கள் வேண்டாம் என்கிறார்கள் என்று கூட்டாய்மை ஒருமித்து அந்தக் கேள்வியை எடுத்துவிட்டிருந்தது. தானே மேம்பட்டது. ஸஃபியாவின் ஒரு வரி போயிற்று. அச்சுதன் முதல் முரளீதரன் வரை அறுநூற்றுச் சொச்சம் பேரும் வந்த வழியே போனார்கள். ஓரத்தில் மட்டும், பொருத்தம் 6 ‘இலையடை’ என்று பெயர் கொட்டை எழுத்தில், ஒரு குறையும் இல்லாமல் விழுந்தது.

விலாசினி காசர்கோட்டுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள்; இரண்டு வாரம் கழித்துத்தான் லைன் கிடைத்தது. ஸஃபியாவின் கணவர் எடுத்தார். அவளுக்கு பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டாளாம். காசுக்கு விற்கிற மென்பொருள் கம்பெனி. எழுதிய வரியைச் சாயங்காலத்துக்குள் எடுத்துக்கொள்கிறார்களாம். அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருக்கிறதாம்.

துணைக்குழு இன்றைக்கும் இருக்கிறது. விலாசினிதான் அமைப்பாளர். பழைய ஜாதகங்களைக் கேட்டு வீடு வீடாக அலைந்து நூற்றைம்பதைத் திரும்ப ஏற்றினாள். அவை எந்தச் சில்லில் ஏறின என்று தெரியாததால் அவ்வப்போது வந்து போகின்றன. போன வாரம் ஆலத்தூரில் கல்யாண நிலையம் நடத்துகிற ஒரு பெண் மடல்குழுவுக்கு எழுதியிருந்தாள். ‘என்னுடைய மெஷினில் ஆண்களைக் காணவில்லை. தங்கைக்குப் பார்த்த வரன் உள்ளே இருக்கிறது. தயவுசெய்து உதவவும்.’ விலாசினி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு தடவை படித்தாள். ஒற்றை விரலால் பதில் தட்டினாள். ‘கூட்டாய்மைக்கு நல்வரவு. எந்தப் பதிப்பு?’

அப்புறம் நடந்தவை: கோவிந்தன் மாஷின் மகள் அம்பிளியும் ஹரிதாஸின் மகன் அஸ்வினும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். எந்த மெஷினும் பார்த்துச் சொல்லவில்லை. அழைப்பிதழில் மாப்பிள்ளை பேரை எந்தச் சில்லில் அடிப்பது என்று சம்பந்திகள் மூன்று வாரம் மோதிக்கொண்டதில், கடைசியில் பத்திரிகை இங்கிலீஷில் அச்சானது. தங்கமணி டீச்சரின் பெண்ணை ஒரு பிஜு கட்டிக்கொண்டு போனான். பதினேழு பேரில் ஆறாவது. குறையில்லை என்கிறார்கள். வேலாயுதன் கடையை மகனிடம் விட்டுவிட்டுப் பாலக்காட்டில் மகளோடு போய்த் தங்கிவிட்டார். மாடியில் இப்போது யார் கத்தினாலும் சரியாகக் கேட்டுச் சொல்ல ஆளில்லை.

ஷைலஜா மேடம் முடிந்ததும், இடவமாசம் இரண்டாம் தேதி ஷார்ஜாவுக்குப் போனாள். அங்கே பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித் தருகிறாள். கல்யாணம் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் போன் செய்வாள். சாப்பிட்டியா, மழை உண்டா எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, வைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி மறக்காமல் கேட்பாள்.

“சேச்சி, ஆம்பளைங்க வந்தாச்சா?”

“அடுத்த பதிப்புல வருவாங்க மோளே.”

முதலில் சில மாதங்கள் இதைச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் சிரிப்பார்கள். இப்போது ஷைலஜா மட்டும் சிரிக்கிறாள்.